நீதிபதிக்கு மேல் யார்? – அத்தியாயம் 9: ரோம், மாட்ரிட், வார்சா

1988 ஜனவரி 19. ரோம் நகரில், இந்திபெந்தென்சா சதுக்கத்தில் உள்ள நீதித்துறை உயர் பேரவையில் ஒரு வாக்கெடுப்பு. பலெர்மோ நீதிமன்றத்தின் புலனாய்வுப் பிரிவுக்கு அடுத்த தலைவராக யாரை நியமிப்பது? போட்டியில் முன்னால் நின்றவர்கள் இருவர். ஒருவர் ஜியோவன்னி ஃபால்கோனே. சிசிலி மாஃபியாவைச் சேர்ந்த 475 பேரை ஒரே வழக்கில் கூண்டில் ஏற்றிய புலனாய்வின் மூளை அவர்தான். அந்த வழக்கில் தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மற்றவர் அந்தோனினோ மேலி. பணிமூப்பில் ஃபால்கோனேவுக்கு வெகு முன்னால் நின்றவர். மாஃபியா வழக்குகளில் துப்புத் துலக்கிய அனுபவம் இல்லாதவர். வாக்குகள் எண்ணப்பட்டன. மேலிக்கு 14, ஃபால்கோனேவுக்கு 10. ஐந்து பேர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

மேலி பலெர்மோவுக்குப் போனார். மாஃபியா வழக்குகள் அனைத்தையும் ஒரே குழு கோத்துப் பார்த்து விசாரிக்கும் முறை அங்கே இருந்தது. அதைத் தொடங்கியவர் ரோக்கோ கின்னீச்சி. 1983 ஜூலையில் அவர் வீட்டு வாசலிலேயே கார்குண்டு வைத்து அவரைக் கொன்றார்கள். அவர் இடத்துக்கு வந்த அந்தோனினோ கபொன்னேத்தோ அந்த முறையை வளர்த்தெடுத்தார். மேலி அதைக் கைவிட்டார். வழக்குகள் பல மேசைகளுக்கும் பல ஊர் நீதிமன்றங்களுக்கும் சிதறின. 1992 மே 23 அன்று கபாச்சி அருகே நெடுஞ்சாலையில் வெடித்த குண்டில் ஃபால்கோனே இறந்தார். அவருடைய நண்பரும் சக நீதிபதியுமான பாவ்லோ போர்செல்லினோ ஒரு மாதம் கழித்துப் பலெர்மோவில் பேசியபோது, ஃபால்கோனேவின் சாவு 1988 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது என்றார். அடுத்த சில வாரங்களில் போர்செல்லினோவையும் கொன்றுவிட்டார்கள்.

அன்று ரோமில் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் அரசியல்வாதிகள் அல்லர். நீதிபதிகள், தம் சக நீதிபதிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். ஐரோப்பாவிலேயே அரசாங்கத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்ட பேரவை இத்தாலியினுடையது. அந்த உயரத்தில் இருந்துகொண்டுதான் அது ஃபால்கோனேவைப் புறந்தள்ளியது. அந்தப் பேரவையைப் போற்றி எழுதப் போகிறேன் என்பதால் அதன் மிகக் கசப்பான நாளை முதலில் சொல்லிவிட்டேன்.

சென்ற அத்தியாயத்தில் பிரான்ஸைப் பார்த்தோம். 'நீதித்துறை உயர் பேரவை' என்ற பெயர் முதலில் எழுந்தது அங்கே, 1883 ஆகஸ்ட் 30-ஆம் நாள் சட்டத்தில். அதே சட்டம்தான் நீதிபதிகளின் பதவிப் பாதுகாப்பை மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைத்து, குடியரசுக்கு வேண்டாதவர்கள் என்று கருதப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. காப்பாற்றுவதற்கான அமைப்பும் களையெடுப்பும் ஒரே தாளில் பிறந்தன. இந்த வாரம் அந்தப் பெயர் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்கும், பிறகு ஸ்பெயினுக்கும் போலந்துக்கும் போன கதை. மூன்று நாடுகளும் சர்வாதிகாரத்தின் பிடியிலிருந்து வெளியே வந்த கையோடு இந்தப் பேரவையைத் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டன. மூன்றிலும் அதன் கடமை ஏறத்தாழ ஒன்றே: நீதிபதியின் வாழ்க்கையை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விலக்கி வைப்பது. ஆனால் பேரவையில் உட்காரும் நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற இடத்தில் மூன்றும் பிரிந்தன. என் பார்வையில், பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதியை அந்தப் பிரிவே தீர்மானித்தது.

இத்தாலியில் 1848-இன் மன்னராட்சிக் கால அரசியல் சட்டப்படி நீதி என்பது அரசரிடமிருந்து புறப்படுவது. நீதிபதிகள் அவர் பெயரால் அதை வழங்குபவர்கள். நடைமுறையில் கடிவாளம் நீதித்துறை அமைச்சரின் கையில் இருந்தது. பிடிக்காத தீர்ப்பு எழுதிய நீதிபதியைச் சிறையில் போட வேண்டியதில்லை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினால் போதும். பக்கத்து அறையில் இருப்பவர் தானாகவே பாடம் கற்றுக்கொள்வார். 1907-இல் அமைச்சர் ஓர்லாந்தோ ஒரு பேரவையை ஏற்படுத்தினார் என்றாலும் அது அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் குழுவாகத்தான் இருந்தது. 1909-இல் நீதிபதிகள் மிலானில் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். முசோலினியின் ஆட்சியில் அது பாசிசத் தொழிற்சங்கமாக மாற மறுத்து 1925 இறுதியில் தன்னைக் கலைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அதன் முன்னணித் தலைவர்கள் வேலையை இழந்தார்கள்.

இந்த நினைவு பசுமையாக இருந்தபோதுதான் 1946-இல் அரசியல் நிர்ணய சபை கூடியது. ஃபுளோரன்ஸைச் சேர்ந்த சட்ட அறிஞர் பியேரோ கலமாந்திரே நீதித்துறை முழுக்க முழுக்கத் தன்னைத்தானே ஆள வேண்டும் என்று வாதாடினார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் வேறொன்றுக்குப் பயந்தார்கள்: நீதிபதிகள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு தனிச் சாதியாகிவிட்டால்? இரண்டு அச்சங்களும் நியாயமானவை. சபை இரண்டையும் ஒரே விதியில் எழுதி வைத்தது. பேரவைக்குக் குடியரசுத் தலைவர் தலைமை தாங்குவார். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை நாட்டின் நீதிபதிகள் எல்லோரும் வாக்களித்துத் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பார்கள். மிச்சம் ஒரு பங்கை நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டம், சட்டப் பேராசிரியர்களிடமிருந்தும் பதினைந்து ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர்களிடமிருந்தும் தேர்ந்தெடுக்கும். அன்றாடம் பேரவையை நடத்தும் துணைத் தலைவர் அந்த வெளியாட்களில் ஒருவராகவே இருப்பார்.

இந்த விதியில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதோடு, யார் தேர்ந்தெடுப்பது என்பதும் பளிச்சென்று எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்த இரண்டு நாடுகள் இந்த இடத்தில்தான் சறுக்கின.

எழுதி வைத்ததும் நடந்துவிடவில்லை. 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சொன்ன பேரவைக்கான சட்டம் 1958 மார்ச்சில்தான் நிறைவேறியது. முதல் பேரவை 1959-இல் கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அமைச்சர்கள் பழைய கடிவாளத்தை விடவில்லை. கிடைத்த பிறகு அந்த அதிகாரம் பெரிதாக இருந்தது: பணியில் சேர்ப்பது, ஊர் மாற்றுவது, பதவி உயர்த்துவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எல்லாம் பேரவையிடம். இத்தாலியில் அரசுத் தரப்பில் குற்றம் சாட்டி வழக்கு நடத்துபவர்களும் நீதிபதிகளின் அதே பணித்தொகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களும் இதே பேரவையின் கீழ்தான். பிரதமர் மீது வழக்குத் தொடுத்த ஒருவரை மறுநாள் ஊர் மாற்ற அங்கே எந்த அமைச்சராலும் முடியாது. பெரும்புள்ளிகள் மீதான ஊழல் வழக்குகள் இத்தாலியில் அத்தனை தூரம் போனதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

அதற்கான விலையும் பெரிது. 1980 பிப்ரவரி 12 அன்று பேரவையின் துணைத் தலைவர் வித்தோரியோ பக்கெலே, ரோமின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது, செம்படைப் பிரிவினர் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதிச் சடங்கில் அவருடைய மகன் ஜியோவன்னி, தந்தையைக் கொன்றவர்களுக்காகவும் பிரார்த்தித்தார். இத்தாலியர்கள் இன்றும் மறக்காத நிகழ்ச்சி அது. ஒரு பேரவையின் துணைத் தலைவர் பதவி கொலைப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு நாட்டில் எடையுள்ளதாக ஆகியிருந்தது.

வெளியிலிருந்து வந்த நெருக்கடிகளில் வினோதமானது பேரவைக்குத் தலைமை தாங்கியவரிடமிருந்தே வந்தது. 1985 டிசம்பரில், நீதிபதிகளைக் கண்டித்துப் பேசியிருந்த பிரதமர் கிராக்ஸியைப் பற்றி விவாதிக்கப் பேரவை நாள் குறித்தது. குடியரசுத் தலைவர் ஃபிரான்செஸ்கோ கொஸ்ஸீகா கூடாது என்று தடுத்தார். நீதிபதி உறுப்பினர்கள் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. 1991-இல் மீண்டும் நிகழ்ச்சி நிரல் தகராறு. இம்முறை தன் அனுமதி இல்லாத பொருளை விவாதித்தால் காராபினியேரி போலீஸ் படையை அனுப்புவேன் என்றே அவர் மிரட்டினார். பேரவை இரண்டு முறையும் தழும்போடு தப்பியது.

உள்ளிருந்து வந்த நோய் மெதுவானது. சக நீதிபதிகளின் வாக்கால் உறுப்பினராக வேண்டும் என்றால் வாக்குச் சேகரிக்க வேண்டும். சேகரிக்க அணி வேண்டும். 1960-களிலிருந்தே இத்தாலிய நீதிபதிகளுக்குள் இடது, நடு, வலது என்று அணிகள் இருந்தன. 1975-இல் பேரவைத் தேர்தலுக்கு விகிதாசாரப் பட்டியல் முறை வந்ததும் அவை கிட்டத்தட்டக் கட்சிகளாகவே இறுகின. கொள்கை விவாதமாகத் தொடங்கியது காலப்போக்கில் பங்கீடாகத் தேய்ந்தது: இந்த ஊரின் தலைமைப் பதவி உங்கள் அணிக்கு, அந்த ஊர் எங்களுக்கு. ஃபால்கோனேவுக்கு எதிராக விழுந்த வாக்குகளுக்குப் பணிமூப்பு விதி காரணமாகச் சொல்லப்பட்டது. விதியைப் பின்பற்றுபவர்களை நான் எளிதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரத்தில், அந்த ஊரில், அந்த வேலைக்கு எந்த மனிதர் வேண்டும் என்பதில் விவரம் தெரிந்த யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. விதி அங்கே பொறாமைக்கும் அணிக் கணக்குக்கும் போர்வையாகப் பயன்பட்டது என்றே நினைக்கிறேன்.

நோய் முற்றி வெளியே வெடித்தது 2019-இல். நீதிபதிகள் சங்கத்தின் முன்னாள் தலைவரும் பேரவையின் முன்னாள் உறுப்பினருமான லூக்கா பலமாராவின் கைபேசிக்குள் விசாரணை அதிகாரிகள் ஒட்டுக்கேட்கும் மென்பொருளை அனுப்பியிருந்தார்கள். அந்த மே மாதம் ரோமில் ஒரு ஹோட்டலில் நள்ளிரவுக் கூட்டம். பேரவையின் அன்றைய உறுப்பினர்கள் சிலர், இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள், பலமாரா. பேச்சு, ரோமின் தலைமை அரசு வழக்கறிஞராக யாரைக் கொண்டுவரலாம் என்பது. அங்கே அமர்ந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர் மீது அதே அலுவலகம் நடத்திய வழக்கு நிலுவையில் இருந்தது. பதிவுகள் வெளியானதும் பேரவை உறுப்பினர்கள் பலர் அடுத்தடுத்து விலகினார்கள். பலமாராவை 2020 அக்டோபரில் பேரவையின் ஒழுங்குப் பிரிவே பணியிலிருந்து நீக்கியது.

அதன் பிறகு, நீதிபதிகளின் தேர்தலே வேண்டாம், குலுக்கல் போட்டு உறுப்பினர்களை எடுப்போம் என்ற யோசனைக்கு வலு ஏறியது. நீதிபதிகளுக்கு ஒன்று, அரசு வழக்கறிஞர்களுக்கு ஒன்று என்று பேரவையை இரண்டாகப் பிரித்து, குலுக்கல் முறையையும் புகுத்தும் அரசியல் சட்டத் திருத்தத்தை இத்தாலிய நாடாளுமன்றம் 2025 அக்டோபரில் ஏற்றது. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கிடைக்காததால் மக்கள் வாக்கெடுப்புக்கு வழி திறந்தது. குலுக்கலில் அணி ஒழியலாம். தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் கூடவே ஒழியுமே என்பது என் கவலை.

ஸ்பெயினுக்கு வருவோம். ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார்; 1978 டிசம்பரில் மக்கள் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். அதன் 122-ஆவது பிரிவு இத்தாலியைப் பார்த்து எழுதப்பட்டது: பேரவைக்கு உச்ச நீதிமன்றத் தலைவர் தலைமை, இருபது உறுப்பினர்கள், ஐந்தாண்டுப் பதவி. எட்டுப் பேரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்குப் பெரும்பான்மையால் வழக்கறிஞர்களிலிருந்தும் சட்ட வல்லுநர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற பன்னிரண்டு பேர்? நீதிபதிகளுக்குள்ளிருந்து, சட்டம் வகுக்கும் முறையில். அவர்களை யார் தேர்ந்தெடுப்பது என்று எழுதவில்லை.

1980-இல் வந்த முதல் சட்டம் அந்த உரிமையை நீதிபதிகளுக்கே கொடுத்தது. அன்றைய ஸ்பானிய நீதிபதிகளில் பெரும்பாலானோர் ஃபிராங்கோ காலத்தில் பணியில் சேர்ந்தவர்கள். பழமைவாத நீதிபதிகளின் சங்கத்தின் கை ஓங்கியது. 1982 தேர்தலில் 202 இடங்களோடு ஆட்சிக்கு வந்த சோசலிஸ்டுகளுக்கு இது பொறுக்கவில்லை. ஜனநாயகத்தை மக்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நீதித்துறை மட்டும் பழைய ஆட்சியின் ஆட்களிடமே இருக்கலாமா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பாஸ்க் நாட்டு உறுப்பினர் ஹுவான் மரியா பந்த்ரேஸ் கொண்டுவந்த ஒரு திருத்தம் 1985 சட்டத்தில் நுழைந்தது. இருபது பேரையும் இனி நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும்.

அரசியல் சட்ட நீதிமன்றம் 1986 ஜூலையில் இதை ஏற்றது, ஒரு எச்சரிக்கையோடு. கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்ப இடங்களைப் பங்கு போட்டுக்கொண்டால் அரசியல் சட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும் என்றது. கட்சிகள் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன. உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்பது வழக்கமானது. 2018 நவம்பரில் அப்படி ஒரு பங்கீடு முடிந்து, தலைமைப் பதவிக்கு வரவிருந்தவரின் பெயரும் கசிந்திருந்தது. அப்போது எதிர்க்கட்சியின் செனட் குழுத் தலைவர் தன் சகாக்களுக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி வெளியானது. உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் அமர்வைப் பின்கதவு வழியாகத் தங்கள் பிடியில் வைத்திருக்கலாம் என்ற பொருளில் இருந்தது அது. தலைவராக வரவிருந்த மனுவேல் மார்ச்சேனா மறுநாளே விலகினார். ஒப்பந்தம் உடைந்தது.

அடுத்து நடந்தது ஒரு ஜனநாயக நாட்டில் நடந்திருக்கக் கூடாதது. 2018 டிசம்பர் 4-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்த பேரவை, ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நீடித்தது. புதிய பேரவைக்கு ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அதற்கு இரண்டு பெரிய கட்சிகளும் சேர வேண்டும், சேரவில்லை. 2021-இல் அரசாங்கம், காலாவதியான பேரவை நியமனங்கள் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடந்தன. உச்ச நீதிமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாற்காலிகள் வெறுமையாகின. 2022 அக்டோபரில் பேரவைத் தலைவர் கார்லோஸ் லெஸ்மெஸ் பதவியைத் துறந்து வெளியேறினார். அப்போதும் அசையவில்லை. 2024 ஜூன் 25 அன்று பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவர் பக்கத்தில் இருக்க, இரு கட்சிகளும் கையெழுத்திட்டன. ஆளுக்குப் பத்து. செப்டம்பரில் இசபெல் பெரெயோ தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இனி உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்று புதிய பேரவையே யோசனை சொல்லட்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. 2025 பிப்ரவரியில் பேரவை யோசனை சொன்னது. ஒன்றல்ல, இரண்டு: பத்துப் பேர் நீதிபதிகளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள், மற்றப் பத்துப் பேர் நாடாளுமன்றத்தின் பங்கு நீடிக்கட்டும் என்றார்கள்.

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் பேரவை கிடையாது. மூத்த நீதிபதிகளின் கொலீஜியமே உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களைப் பரிந்துரைக்கிறது. அதன் இடத்தில் மூன்று நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள் அடங்கிய ஆணையத்தை நாடாளுமன்றம் 2014-இல் உருவாக்கியது. உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16 அன்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. அந்த ஆறு பேரில் எந்த இருவர் சேர்ந்தாலும் ஒரு நியமனத்தைத் தடுத்துவிடலாம் என்ற ஏற்பாட்டை நீதிபதிகள் அஞ்சினார்கள். ஸ்பெயினின் காலி நாற்காலிகளைப் பார்த்தவர்கள் அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். கொலீஜியத்தின் மூடிய கதவு வேறு பிரச்சினை. அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

இனி போலந்து. 1989 வசந்தத்தில் கம்யூனிஸ்ட் அரசும் சாலிடாரிட்டி இயக்கமும் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து செய்துகொண்ட உடன்பாடுகளில் ஒன்று, நீதிபதிகளுக்கான தேசியப் பேரவை. ஒரு கட்சி ஆட்சி நீடித்த நாட்டில் அது பெரிய வெற்றி. 1997 அரசியல் சட்டத்தின் 187-ஆவது பிரிவு இருபத்தைந்து உறுப்பினர்களைச் சொல்கிறது. நாடாளுமன்றத்தின் கீழவையான செய்ம் நான்கு பேரையும் செனட் இரண்டு பேரையும் அனுப்பும். பதினைந்து பேர் நீதிபதிகளுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். யாரால் என்று இங்கேயும் எழுதவில்லை. ஆனால் 1989 முதல் நீதிபதிகளே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அதைத் தவிர வேறு பொருள் அந்தப் பிரிவுக்கு உண்டு என்று கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் யாருக்கும் தோன்றவில்லை.

2015-இல் ஆட்சியைப் பிடித்த 'சட்டமும் நீதியும்' கட்சிக்குத் தோன்றியது. பதினைந்து நீதிபதிகளையும் இனி செய்ம் தேர்ந்தெடுக்கும் என்ற மசோதா 2017 ஜூலையில் வந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் மக்கள் இரவு இரவாக மெழுகுவத்தியோடு நீதிமன்ற வாசல்களில் நின்றார்கள். குடியரசுத் தலைவர் ஆந்த்ஷே தூதா ஜூலை 24 அன்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார். கூட்டம் மகிழ்ந்து கலைந்தது. டிசம்பரில் அவரே கொண்டுவந்த புதிய மசோதா நிறைவேறியது. அதிலும் தேர்ந்தெடுப்பது செய்ம்தான். அவர் கையெழுத்திட்ட டிசம்பர் 20 அன்றே, ஐரோப்பிய ஆணையம் போலந்தின் மீது, ஒன்றியத்தின் அடிப்படை மதிப்புகளை மீறும் நாடுகளுக்கான ஒன்றிய ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை ஏவியது. ஒன்றியத்தின் வரலாற்றில் அது முதல் முறை.

போலந்து அரசு 2018-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒரு கேள்வியைக் கேட்டது: ஸ்பெயினில் இருபது பேரையும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறதே, அங்கே போய் ஏன் யாரும் கேட்கவில்லை? ஜெர்மனியில் பேரவையே கிடையாது. கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகளை மாநில அமைச்சர்கள் பதினாறு பேரும் நாடாளுமன்றம் தேர்ந்த பதினாறு பேரும் கூடித்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? இது தட்டிக்கழிக்க வேண்டிய கேள்வி அல்ல. இதற்கான விடையைத் தேடித்தான் நான் இந்த மூன்று நாடுகளையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தேன்.

விடையின் ஒரு பாதி எண்ணிக்கையில் இருக்கிறது. ஸ்பெயினில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். எதிர்க்கட்சி இல்லாமல் ஒரு பெயரும் நகராது. பங்கீடு அசிங்கமானதுதான், ஆனாலும் ஒரே கட்சி முழுதையும் விழுங்க முடியாது. போலந்தின் சட்டமும் ஐந்தில் மூன்று பங்கு என்றுதான் தொடங்கியது. கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் அறுதிப் பெரும்பான்மை போதும் என்று முடிந்தது. மறுபாதி, மாற்றம் எதோடு சேர்ந்து வந்தது என்பதில் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 70-இலிருந்து 65 ஆனது. தலைமை நீதிபதி மாவ்கொஷாத்தா கெர்ஸ்தோர்ஃப் அரசியல் சட்டம் தனக்குத் தந்த பதவிக்காலம் முடியவில்லை என்று 2018 ஜூலை 4 காலை வழக்கம்போல் நீதிமன்றத்துக்கு வந்தார்; வாசலில் மக்கள் திரண்டிருந்தார்கள். நீதிபதிகளைத் தண்டிக்கவென்றே உச்ச நீதிமன்றத்தில் புதிய ஒழுங்கு அமர்வு வந்தது. அதன் உறுப்பினர்களைப் பரிந்துரைத்தது புதிய பேரவை. புதிய பேரவையைத் தேர்ந்தெடுத்தது செய்ம். செய்மில் பெரும்பான்மை ஒரே கட்சிக்கு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 நவம்பர் 19 தீர்ப்பில் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாமல் போகலாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த அமைப்பு சுதந்திரமானதா என்பது தெரியும்.

மறுநாள் நவம்பர் 20 அன்று போலந்தின் வடக்கே ஓல்ஷ்டின் நகரில் ஒரு நீதிபதி அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். பாவெல் யுஷ்சிஷின் தன் முன் வந்த ஒரு சாதாரண மேல்முறையீட்டில், கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் புதிய பேரவையின் பரிந்துரையால் வந்தவர் என்பதைக் கவனித்தார். பேரவைக்குப் போட்டியிட ஒரு நீதிபதிக்கு இருபத்தைந்து சக நீதிபதிகளின் அல்லது இரண்டாயிரம் குடிமக்களின் கையெழுத்து வேண்டும். கையெழுத்திட்டவர்கள் யார் என்பதை அரசு மறைத்து வைத்திருந்தது. அந்தப் பட்டியல்களை அனுப்புங்கள் என்று அவர் செய்முக்கு உத்தரவிட்டார். சில நாட்களில் அவர் மேல் நீதிமன்றப் பொறுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். ஒழுங்கு விசாரணை வந்தது. 2020 பிப்ரவரியில் ஒழுங்கு அமர்வு அவரைப் பணியிடை நீக்கம் செய்து சம்பளத்தையும் குறைத்தது. அதே மாதம் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. கையெழுத்திட்டவர்களில் நீதித்துறை அமைச்சகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த நீதிபதிகள் பலர் இருந்தார்கள்.

ரோமின் நள்ளிரவுக் கூட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரவைகளும் கறைபட்டவையே. ஆனால் இத்தாலியப் பேரவையின் கறையைத் தோண்டி எடுத்தவர்கள் பெரூஜியா நகரத்து அரசு வழக்கறிஞர்கள். அவர்களுடைய பதவியும் இடமாற்றமும் அதே பேரவையின் கையில்தான் இருந்தன. அவர்களை யாராலும் தடுக்க முடியவில்லை. போலந்தில் ஒரு பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டவரே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தால் அணி வரும், சலுகை வரும், சில நேரம் ஃபால்கோனேவுக்கு நேர்ந்ததைப் போன்ற மன்னிக்க முடியாத முடிவும் வரும். இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்த முறையின் பக்கம் நிற்கிறேன். ஐரோப்பிய மன்றமும் 2010-இல் தன் பரிந்துரையில், பேரவை உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் சக நீதிபதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிகளாக இருக்க வேண்டும் என்றது. பாதி என்ற அளவும் சரியென்றே படுகிறது. மீதிப்பேர் வெளியாட்களாக இருந்தால்தான் கலமாந்திரேவின் எதிர்ப்பாளர்கள் பயந்த தனிச் சாதி உருவாகாது.

2020 ஜனவரி 11 அன்று வார்சாவில் 'ஆயிரம் அங்கிகளின் ஊர்வலம்' நடந்தது. போலந்து நீதிபதிகளோடு ஐரோப்பாவின் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் நீதிபதிகள் தங்கள் அங்கிகளை அணிந்து மௌனமாக நடந்தார்கள். ஐரோப்பிய நீதித்துறைப் பேரவைகளின் கூட்டமைப்பு, 2018-இல் இடைநிறுத்தி வைத்திருந்த போலந்துப் பேரவையை 2021 அக்டோபர் இறுதியில் வெளியேற்றியது. அதற்கு முந்தைய நாள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒழுங்கு அமர்வை நிறுத்தும்வரை நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் என்று உத்தரவிட்டது. 2022 மே மாதம் யுஷ்சிஷின் பணிக்குத் திரும்பினார். ஜூலையில் அந்த அமர்வு கலைந்தது. பேரவை மட்டும் கலையவில்லை.

2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. டொனால்ட் டஸ்கின் அரசு, பதினைந்து உறுப்பினர்களையும் நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் சட்டத்தை 2024-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. கையெழுத்திட வேண்டியவர் அதே தூதா. அவர் அதை அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்த நீதிமன்றத்தின் சில நீதிபதிகள் சரியாக நியமிக்கப்பட்டவர்கள்தானா என்பதே 2015-இலிருந்து தீராத வழக்கு. இதற்கிடையில், சர்ச்சைக்குரிய பேரவையின் பரிந்துரையால் பதவிக்கு வந்த நீதிபதிகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் விவாகரத்து கொடுத்திருக்கிறார்கள், பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள், வங்கிக் கடன் வழக்குகளை முடித்திருக்கிறார்கள், மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களின் பதவி செல்லாது என்றால் அந்தத் தீர்ப்புகள்? ஒரே சட்டத்தால் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக நீக்கிவிட வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடியது. ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் 2024-இல் அப்படிச் செய்யக் கூடாது என்றது. யார் எந்த வழியில் வந்தார் என்று வகைப்படுத்தி ஆராய வேண்டும். பாதிக்கப்படும் நீதிபதிக்கு முறையிடும் வழி இருக்க வேண்டும். குடிமக்கள் நம்பி ஏற்ற தீர்ப்புகள் நிலைக்க வேண்டும் என்றது. பயிற்சிப் பள்ளியை முடித்து முதல் பணிக்காக விண்ணப்பித்த இளம் நீதிபதிகளுக்கு அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை. அரசியல் தொடர்பால் உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியவர்களையும் அவர்களையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். அந்தப் பிரித்தறியும் வேலைதான் போலந்தில் இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டுவோம்: நீதிபதிகள் மீது பொதுமக்கள் நேரடியாகப் புகார் கொடுக்க, அமெரிக்காவிலேயே முதல் நிரந்தர ஆணையத்தைக் கலிபோர்னியா 1960-இல் அமைத்த கதை.

(தொடரும்)